குறுக்குக் கம்பு இல்லாத கொடி

கொப்பரைப்பட்டிக்குக் காற்று வருவதில்லை. நாலு பக்கமும் மலை, நடுவில் கொப்பரையின் அடி மாதிரி ஊர். மழை வரும், பனி வரும், சோளம் முற்றினால் காட்டுப்பன்றி வரும், தேர்தல் வந்தால் வேட்பாளர்கூட வருவார், காற்று மட்டும் மலைமேல் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகவே இறங்கிப் போய்விடும். அதனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பட்டம் விடத் தெரியாது, கட்சிக் கொடிகள் கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஈரத் துண்டு போலத் தொங்கும், எந்தக் கம்பம் எந்தக் கட்சிக்கு என்று வெளியூர்க்காரன் அடிக்கல்லைத் துடைத்து வாசித்தால்தான் உண்டு, நெல் தூற்றுகிறவர்கள் மின்விசிறியைத் தலையில் வைத்துக் களத்துக்குச் சுமந்து போவார்கள், இதெல்லாம் யாருக்கும் குறையாகப் பட்டதில்லை, ஏனென்றால் இல்லாததை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த ஊரில்தான் பழம்படை மன்றம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், கடையும் ஆபீசும் இல்லாத நேரத்தில், வறண்ட கண்மாய்க்குள் இறங்கி, பாண்டியர் காலத்தில் அந்த மலையடிவாரத்தில் நடந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சண்டையை இரண்டு அணியாகப் பிரிந்து மறுபடியும் போடுவார்கள். மரக்கத்தி, மூங்கில் ஈட்டி, சாக்குத் துணியில் தைத்த மார்க்கவசம், செத்து விழுந்தவர்கள் ஓரமாக உட்கார்ந்து சுக்குக்காப்பி குடிக்கலாம். சண்டை சும்மா பேருக்கு. மன்றத்தின் உயிர் கொடியில் இருந்தது. யார் எதைக் கொடியில் வைக்கலாம் என்பதற்கு அங்கே இருந்த விதிகள் ரேஷன் கடையில்கூடக் கிடையாது. புலி, மீன், வில் மூன்றும் ராஜாக்களுடையவை, அவற்றை ஒருவரும் தொடக் கூடாது. அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் கூடாது. ஒருவர் வைத்திருப்பதை இன்னொருவர் வைக்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர் வெறுந்துணியோடு நிற்க வேண்டும், பிறகு சின்னம் கேட்கலாம், கொடிக்காரர் சம்மதித்தால் தன் கையால் தைத்துக்கொள்ளலாம்.

கொடிக்காரர் என்பவர் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் சவரிமுத்து. பெரிய படிப்பாளி, சித்திரக்கை உள்ளவர், ஒரே ஒரு குறை, அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. மிளகாய் மண்டிக்காரர் ஒருவர் மிளகாயைச் சின்னமாகக் கேட்டபோது, மிளகாய் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்ததே பிற்பாடுதான் என்று சொல்ல வேண்டியவர், அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு, மிளகுக் கொடி உங்களுக்கு இன்னும் பொருத்தமாயிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். தக்காளி கேட்டவருக்குக் கத்தரிக்காய் கொடுத்தார். புல்லட் வண்டி கேட்ட பையனுக்கு எருமை கொடுத்தார், அவனும் சந்தோஷமாகத்தான் போனான்.

இதில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு, அது காற்றில்லாத ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய விதி. கொடியின் மேல்விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பைச் செருகினால்தான் அங்கே கொடி விரிந்து நிற்கும். அந்தக் கம்பைச் செருகும் உரிமை படைத்தலைவருக்கு மட்டும். மற்ற எல்லாருடைய கொடியும் தொங்கும். தொங்குகிற கொடியைக் கையால் விரித்துக் காட்டக் கூடாது, அது தலைவரை அவமதித்த மாதிரி. ஆகவே யானையும் எருமையும் மிளகும் கத்தரிக்காயும் மடிப்புக்குள் இருந்தன. வைத்திருக்கிறவருக்கும் வாத்தியாருக்கும் மட்டும் தெரியும்.

சீனித்தாய் காலாட்படை. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனதால் தொடையில் கையை ஊன்றி, ஒரு எட்டுக்கு ஒருமுறை குனிந்து நிமிர்ந்துதான் நடப்பாள். நிற்கும்போது முழுக்க இடது காலில் நிற்பாள், வலது கால் தரையைத் தொட்டும் தொடாமல் மடங்கி நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியார்மார்கூட மறதியாக அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மன்றத்தில் அவள் சேர்ந்ததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு அவள் சொன்னதில்லை, ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொடிக்கம்பு கையில் இருந்தால் அவள் தொடையில் கை வைக்காமல் நடப்பாள், கம்பை ஊன்றி ஊன்றி, ஒரு படைவீரன் நடப்பதாகத்தான் அது இருக்கும். சின்னம் கேட்கும் முறை வந்தபோது அவள் சவரிமுத்து வாத்தியாரிடம் போய், அவர் மேசையில் சாய்ந்துகொண்டு, ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு வேண்டும் என்றாள். கொக்கை வாத்தியார் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்திருந்தார். மேசையில் சாய்ந்து நின்றவளைப் பார்த்தார். நாரை என்று ஆரம்பித்தார். அவள், கொக்கு சார், என்றாள். வாத்தியார் சரி என்று சொல்லிவிட்டார். ரெண்டு பேரும் காலாட்படை, ரெண்டு கொடியும் தொங்கப் போகிறது, மடிப்புக்குள் எத்தனை கொக்கு இருந்தால் யாருக்கு என்ன.

நீலத் துணியில் வெள்ளை நூலால், இறகு இறகாக, சைக்கிள்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் அதைத் தைத்தாள்.

கொக்கை முன்பே வாங்கியிருந்த அந்த இன்னொருவர் நல்லபெருமாள், மோட்டார் பம்புசெட் கடை வைத்திருப்பவர், நெட்டையான ஆள், யாரையும் அதட்டிப் பேசாதவர். வருஷங்கள் போயின, பழைய தலைவர் மகனோடு இருக்கப் போய்விட்டார், மன்றம் கூடி நல்லபெருமாளைப் படைத்தலைவர் ஆக்கியது. அடுத்த ஞாயிறு அவர் குறுக்குக் கம்பு செருகிய கொடியோடு கண்மாயில் இறங்கினார். அதில் கொக்கு நின்றது. சீனித்தாய் அதைப் பார்த்தாள். தன் கம்பைச் சுற்றித் தொங்கிய துணியை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். வாத்தியார் அன்றைக்கு முழுவதும் காப்பி அடுப்புப் பக்கமே நின்றார்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, இரண்டு படையும் எதிரெதிரே நின்று, சங்கு ஊதுவதற்காக எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, சீனித்தாயின் கொடி விரிந்தது. ஒரு இலை அசையவில்லை, ஒரு தூசி எழவில்லை, பக்கத்தில் நின்றவனின் கொடி அப்படியே தொங்கியது, அவள் கொடி மட்டும் ஒரு முறை உதறி, சுருக்கம் நீவி, முழுசாகப் படபடத்து நின்றது. எதிர்ப்படையில் நின்ற ஐஸ்வண்டிக்காரர்தான் முதலில் பார்த்தார். அவர், அந்தக்கா கொடியிலயும் கொக்கு இருக்கே, என்றார். கொடி ஏன் பறக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கொக்கு எப்படி ரெண்டாச்சு என்றுதான் கண்மாய் முழுவதும் கேட்டது.

அன்றைக்குச் சண்டை நடக்கவில்லை. அவள் கொடியை மடித்துப் பார்த்தாள், மடிக்க மடிக்க எழுந்தது, பையில் திணித்தால் பையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது, வேறு வழியில்லாமல் கம்போடு கொண்டுபோய் சைக்கிள் ஸ்டாண்டின் இரும்புத் தூணில் கட்டினாள். அங்கே அது பகலும் பறந்தது, ராவும் பறந்தது. அதன் கீழே நின்றால் முகத்தில் காற்று அடித்தது. கொடி காற்றில் ஆடுகிறதா, கொடி ஆடுவதால் காற்று வருகிறதா என்று டீக்கடை இரண்டாகப் பிரிந்தது, இரண்டு கட்சியும் தத்தம் பெஞ்சைத் தனித்தனியாக இழுத்துப் போட்டுக்கொண்டன.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம்தான் பார்க்க வேண்டியது. முதலில் மிளகாய் வற்றல் வந்தது, பாய் பாயாக. பிறகு துவைத்த துணி. பிறகு புடைத்துத் தூற்ற வேண்டிய உளுந்தும் எள்ளும், முறத்தைத் தூக்கிச் சாய்த்தால் தூசி தானாகப் போவதை முதன்முதலாகப் பார்த்த பெண்கள் வேலை இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் வெறும் முறத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். தூங்காத குழந்தைகளைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் குறுக்குக் குழாயில் தொட்டில் கட்டினார்கள். இஸ்திரி போடுகிறவர் கங்கு நன்றாகக் கனலும் என்று வண்டியைப் பக்கத்தில் தள்ளிவந்தார், ஒரு சட்டை கருகியது, தள்ளிப் போனார், மனசு கேட்காமல் மறுபடி வந்தார். போட்டோ ஸ்டூடியோக்காரர் கல்யாணப் பெண்களைக் கூட்டிவந்து முடி பறக்கப் படம் எடுத்தார். மூன்று கட்சிக்காரர்களும் தங்கள் கொடிக்கம்பத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் ஊன்றினார்கள், அவையும் விரிந்தன, எது முன்னால் நிற்பது என்று தகராறாகி, சீனித்தாய்தான் சைக்கிள்களுக்கு இடம் ஒதுக்குவது போலவே அவற்றுக்கும் இடம் ஒதுக்கினாள். சேலை முந்தானைக்கு ஊக்கு குத்த வேண்டும் என்று ஊருக்குத் தெரியவந்தது. காகிதத்தின் மேல் கல் வைக்க வேண்டும் என்று தெரியவந்தது. யார் வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்பது அடுத்த தெருவுக்குத் தெரிய ஆரம்பித்ததில் ரெண்டு மூன்று பழைய பகைகள் தீர்ந்தன, ஒன்றிரண்டு புதிதாக முளைத்தன. காற்றாலைக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் காற்றை அளக்கக் கிண்ணம் கிண்ணமாகச் சுற்றும் கருவி ஒன்றைக் கொடிக்குக் கீழே நிறுத்தினார்கள். கிண்ணங்கள் அசையவில்லை. காற்று இல்லை என்று என்ஜினியர் எழுதிக்கொண்டார், கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே எழுதினார்.

சீனித்தாய்க்கு மட்டும் இதில் ஒரு நிம்மதியும் இல்லை. அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து கொக்கைப் பார்த்தார்கள், பிறகு குனிந்து அவள் காலைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் மடிப்புக்குள் அவளுக்கே அவளுக்காக இருந்தது, இப்போது ஊர் நடுவில். அதுகூடப் போகட்டும், மன்றத்தின் விதிப்படி ஒரு கொக்குக்கு ஒருவர்தான். யாருடையது என்று முடிவானால் மற்றவர் தன் கொக்கைத் தன் கையாலேயே நூல் நூலாகப் பிரித்தெடுக்க வேண்டும், பிறகு ஆயுசுக்கும் வேறு சின்னம் கேட்க முடியாது.

மன்றம் கூடியது. எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"ரெண்டு பேருக்கும் நான்தான் குடுத்தேன். தப்புதான். ஆனா இந்த ஊருக்குக் காத்து வரும்னு எவன் கண்டான்?"

மிளகாய் மண்டிக்காரர், அப்ப என் மிளகுக்கும் வேற பங்காளி இருக்கானா வாத்தியாரே, என்று கேட்டார். வாத்தியார் அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டதைப் பலர் கவனித்தார்கள்.

முந்திக் கேட்டவருக்கே சொந்தம் என்று விதி இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். மன்றத்தில் இருந்த விதி வேறு. ஒரு சின்னத்துக்கு ரெண்டு பேர் வந்தால் இருவரும் கண்மாயில் ஆளுக்கொரு சுண்ணாம்பு வட்டத்துக்குள் கொடியைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். கம்பின் அடி மண்ணைத் தொடக் கூடாது, முழங்கால் மண்ணைத் தொடக் கூடாது, தொட்டவர் தோற்றவர். கம்பை மண்ணில் ஊன்றாமல் சீனித்தாய் நிற்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதைச் சொல்கிற வாய் யாரிடமும் இல்லை.

மறுநாள் நல்லபெருமாள் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தார். அவரிடம் சைக்கிள் கிடையாது. தொட்டில்களுக்கு ஊடே குனிந்து குனிந்து வந்து, அவள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா தச்சிருக்க தங்கச்சி. என்னோடதுல கழுத்து கோணலு."

"பாத்தேண்ணே."

"பள்ளிக்கூடத்துல என்னையக் கொக்குன்னுதான் கூப்புடுவானுங்க," என்றார் அவர். "கழுத்துக்காக. இன்னைக்கும் கடைக்கு வந்து, கொக்கு இருக்காரான்னு கேக்குற ஆளு இருக்கான். சரி, கொக்குன்னா கொக்குதான், நானே வச்சிக்கிறேன்டான்னு வச்சேன்."

சீனித்தாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். தன் மனசுக்குள் இருந்த வாக்கியத்தை இன்னொருவர் எடுத்துச் சொன்னது போல இருந்தது அவளுக்கு. கோபப்படலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவர் எழுந்தார். தான் விட்டுக்கொடுத்துவிடுவதாகவும், களத்துக்கெல்லாம் போக வேண்டாம் என்றும், மன்றத்தில் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

"நீங்க குடுத்தா அது உங்க கொக்குண்ணே," என்றாள் அவள். "எனக்கு என் கொக்கு வேணும். வட்டத்துக்கு வாங்க. வந்துட்டு வேணும்னே கம்பை கீழ போட்டீங்கன்னா இனி மொகத்துல முழிக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் ஊர் திரண்டிருந்தது. சீனித்தாய் தூணிலிருந்து அவிழ்த்துவந்த கொடிக்கம்பை ஊன்றிக்கொண்டே வட்டத்துக்குள் போனாள். எதிர் வட்டத்தில் நல்லபெருமாள் குறுக்குக் கம்பு வைத்த கனத்த கொடியோடு நின்றார். சங்கு ஊதியதும் இருவரும் தூக்கினார்கள். அவள் கம்பை மண்ணிலிருந்து எடுத்த மாத்திரத்தில் ஊரே லேசாக முன்னால் குனிந்தது, விழப்போகிறவளைப் பிடிக்கிற மாதிரி. அவள் விழவில்லை. கொடி மேல்நோக்கி இழுத்துக்கொண்டு நின்றது, கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிற ஆள் மாதிரி. அவள் வலப்பக்கம் சாய்ந்தால் அது இடப்பக்கம் இழுத்தது, முன்னால் சாய்ந்தால் பின்னால் இழுத்தது. ஒற்றைக்காலில், கம்பு அந்தரத்தில், கொக்குக்குக் கீழே கொக்காக அவள் நின்றாள். கரையில் கைத்தட்டல் எழுந்தது.

வெயில் ஏறியது. ஏற ஏற, கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் பக்கம் நகர்ந்தார்கள், காற்று அங்கேதான் இருந்தது; சுக்குக்காப்பி அண்டா நகர்ந்தது, குடைகள் நகர்ந்தன, கடைசியில் மன்றத்துக்காரர்களும் நகர்ந்தார்கள். நல்லபெருமாளின் பக்கம் ஒரு ஆள் இல்லை. அவர் கழுத்து நரம்பு புடைக்க, வேர்வை சொட்டி முன்னால் இருந்த மண் நனைய, தோள் நடுங்க நின்றார். விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அவள் சொன்ன வார்த்தைக்காக விடாமல் நின்றார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அவள் காலில் வலி இல்லை. கையில் நடுக்கம் இல்லை. இப்படியே சாயங்காலம்வரை நிற்கலாம், அடுத்த ஞாயிறுவரைகூட நிற்கலாம், எதிரே இருக்கிற மனுஷன் நிச்சயம் விழுவான், கொக்கு அவளுடையதாகிவிடும்.

"இவ்வளவு நேரம் நின்னது நானில்ல," என்று அவள் சத்தமாகச் சொன்னாள். "காத்து நிக்கிது. அவர்தான் நிக்கிறார்."

சொல்லிவிட்டுக் கம்பை மண்ணில் ஊன்றினாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. நல்லபெருமாள் கொடியை இறக்கவே மறந்து நின்றார். அவரிடம் போய் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. பைத்தியக்காரி, கையில் இருந்ததைக் கீழே போட்டுட்டாளே, என்று கரையில் ஒருத்தி சொன்னாள். வாத்தியார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

விதி விதிதான். அவள் அந்த வாரம் முழுவதும் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பறந்துகொண்டிருந்த கொடியை மடியில் இழுத்து அமுக்கிப் பிடித்து, பிளேடின் முனையால் வெள்ளை நூலை ஒவ்வொன்றாக உருவினாள். முதலில் இறகு போயிற்று, பிறகு உடம்பு, பிறகு அலகு, கடைசியாக அந்த ஒற்றைக்கால். தொட்டில் கட்டியிருந்த தாய்மார்கள் குழந்தையை ஆட்டுகிற சாக்கில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உருவிய நூலை அவள் பந்தாகச் சுற்றி நல்லபெருமாளின் கடைக்குக் கொடுத்தனுப்பினாள், கோணல் கழுத்தைச் சரி பண்ணிக்கொள்ளட்டும் என்று. பிறகு வெறும் நீலத் துணியைத் தூணில் மறுபடி கட்டினாள். கொக்கு போனால் காற்றும் போய்விடும் என்று பலர் பயந்திருந்தார்கள். போகவில்லை. துணி விரிந்தது, படபடத்தது, மிளகாய் வற்றல் எப்போதும் போலக் காய்ந்தது.

மத்தியானம் வெயில் திரும்பியபோது, தரையில் கொக்கு நின்றது.

நூல் போன இடத்தில் ஊசி குத்திய ஓட்டைகள் அப்படியே இருந்தன, ஓட்டை ஓட்டையாக வெயில் இறங்கி, துணியின் நிழலுக்கு நடுவில் வெளிச்சத்தால் ஆன கொக்கு ஒன்றை இறகு இறகாக மண்ணில் விரித்துவிட்டிருந்தது. முதலில் பார்த்த இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். அப்புறம் முறத்தோடு நின்றவர்கள் வந்தார்கள். சைக்கிளை எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நின்றார்கள். யாரோ போய்ச் சொல்லி மன்றத்துக்காரர்கள் வந்தார்கள், இதையும் அழிக்க வேண்டுமா என்று அவர்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது, வாத்தியாரைக் கேட்டார்கள், வாத்தியார் தலைவரைக் கேட்கச் சொன்னார். நல்லபெருமாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நீளமான கழுத்தை வளைத்து, வெகுநேரம் குனிந்து பார்த்தார். தன் செருப்பு அதன் அலகைத் தொடும்போல இருந்ததால் ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"அது கொடியில இல்ல, மண்ணுல கெடக்கு," என்றார். "மண்ணுல கெடக்குறதுக்கு நாம விதி எழுதல. எழுதவும் வேணாம்."

அதிலிருந்து அந்த இடத்தில் யாரும் சைக்கிள் நிறுத்துவதில்லை. வெளியூர்க்காரன் தெரியாமல் நிறுத்தினால், அண்ணே, கொக்கு மேல ஏத்தாதீங்க, என்று யாராவது சொல்வார்கள். அவனும் கீழே பார்த்துவிட்டுத் தள்ளி நிறுத்துவான்.

அடுத்த சண்டைக்கு சீனித்தாய் கண்மாயில் இறங்கினாள், வெறுங்கொடி, கம்பை ஊன்றிக்கொண்டு. சங்கு ஊதியதும் படை ஓடியது; எப்போதும் போல எல்லாரும் முன்னால் போய்விட, அவள் கடைசியில் தனியாக விடப்பட்டாள். அவளுக்கு முன்னால் மண்ணில் அந்த வெளிச்சக் கொக்கு நின்றது. கொடி படபடத்தது, வெளிச்சம் அசைந்தது, அது மடித்து வைத்திருந்த காலைக் கீழே இறக்கியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அது ஒரு எட்டு வைத்து, நின்று, கழுத்தைத் திருப்பியது. அவள் கம்பை ஊன்றி, காலை இழுத்து, அந்த ஒரு எட்டை எடுத்து வைத்து முடித்த பிறகுதான் கொக்கு தன் அடுத்த காலைத் தூக்கியது.